திரை உறங்கிய பத்தாவது நிமிடம்

முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அத்தனை வருடத்தில் நான் எழுதிய மெமோக்களில் ஒன்றுகூடத் திரும்பப் பெறப்பட்டதில்லை. நான் திரும்பப் பெற்ற ஒரே மெமோ, ஓய்வுக்குப் பிறகு எழுதியது. அதை எழுத எனக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. போடிமெட்டுக்குப் பக்கத்துச் சரிவில், ஒரு ஏலக்காய்த் தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு அம்மாவுக்குக் கொடுத்தேன். பகலில் கணினியை அணைத்துவிட்டு அவர் வேலையை ஏமாற்றுகிறார் என்பது குற்றச்சாட்டு. குற்றவாளி நானாக இருந்தேன். அதைக் கண்டுபிடித்ததும் அந்த அம்மாதான்.

அந்தத் தோட்டம் என் நண்பர் ஒருவருடையது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். காலை நடையில் பழக்கம். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை சார் என்பார். இருவருக்கும் சர்க்கரை. அதனால் இருவரும் டீக்கடையில் சர்க்கரை இல்லாமல் சொல்லிவிட்டு, ஆளுக்கொரு முறுக்கு தின்போம்.

ஸ்டோர் என்றால் பறித்த ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். வெளியே விறகு உலை, உள்ளே இரும்புக் குழாய் வழியாகச் சூடு, அதன்மேல் அடுக்கடுக்காய் வலைத்தட்டுகள். பச்சைக் காய் உள்ளே போய் ஏறக்குறைய ஒரு நாள் இருந்து வெளியே வரும். சூடு ஏறினால் காய் மஞ்சளாகி வெடித்துவிடும். இறங்கினால் வேர்த்துப் போகும். நிறத்தைக் காப்பாற்றத்தான் அங்கே ஆள்.

அந்த ஆள்தான் அந்த அம்மா. ராசிங்காபுரத்துக்காரர், ஐம்பதை ஒட்டிய வயது. காய் எடுக்கிற வேலையில் இருந்தவர். ஒரு மழைக்காலத்தில் சரிவில் வழுக்கி இடுப்பில் அடிபட்டது. அதற்குப் பிறகு மலையில் குனிந்து நிமிர முடியாது. பாய் அவரை ஸ்டோரில் பகல் வேலைக்கு வைத்தார். ஸ்டோரை விட்டால் அந்தத் தோட்டத்தில் அவர் செய்யக்கூடிய வேலை வேறு இல்லை. இது எனக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தேதான் மெமோ எழுதினேன்.

கணினி உள்ளே வந்தது என்னால். என் பணிக்காலத்தின் கடைசியில் அலுவலகக் கணினிகளில் லினக்ஸ் இயங்குதளம் போடச் சொல்லி ஆணை வந்தது. எல்லோரும் ஆணையைக் கோப்பில் வைத்தார்கள், நான் படித்துவிட்டேன். ஓய்வு பெற்ற பிறகு அதுவே பொழுதுபோக்கானது. உலர்த்தும் அறைக்குள் வெப்பம் அளக்கும் கருவிகளை வைத்து, கணினியோடு இணைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்து, சூடு எல்லை தாண்டினால் மணி அடிக்கும்படி செய்யலாம் என்று பாயிடம் சொன்னேன். அவரிடம் பழைய கணினி ஒன்று கிடந்தது. திரை மட்டும் புதிதாக வாங்கினார். ஒரு வாரம் ஜீப்பில் மேலே போய் வந்து எல்லாவற்றையும் பொருத்தினேன்.

பொருத்தியதோடு நின்றிருக்கலாம். அலுவலகத்தில் ஒரு பொருள் வந்தால் அதற்கு ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டினேன். கணினியை யாரும் தொடக்கூடாது. மின்சாரச் சிக்கனம் கருதித் திரை பத்து நிமிடத்தில் தானே அணையும். அணைந்த திரையைக் கண்டு பதற வேண்டாம். மணி அடித்தால் மட்டும் உலையைப் பார்க்கவும். அறையை விட்டுப் போகும்போது மின்விசிறியை அணைக்கச் சொல்லி முப்பத்தோரு வருடம் சுற்றறிக்கை அனுப்பியவனுக்குத் திரை சும்மா எரிவது பொறுக்காது.

இன்னொன்றும் செய்தேன். சுவரில் ஒரு கண்ணாடி வெப்பமானி தொங்கியது. அந்த அம்மா மணிக்கு ஒரு தரம் அதைப் பார்த்துத்தான் விறகு தள்ளுவார். அதைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு அளவுகள் இருந்தால் முரண்பாடு வரும், முரண்பாடு வந்தால் தணிக்கையில் கேள்வி வரும். அந்த ஸ்டோருக்கு எந்தத் தணிக்கையும் கிடையாது.

"இத எதுக்கு சார் கழட்டுறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இனிமே கம்ப்யூட்டர் பாத்துக்கும்மா."

"அது பாக்கும் சார். அது பாக்குதான்னு நான் எதப் பாத்துத் தெரிஞ்சுக்க?"

பதில் சொல்லத் தேவையில்லாத கேள்வி என்று அப்போது நினைத்தேன்.

மூன்று வாரம் ஆயிற்று. ஒரு நாள் மதியம் உலையில் காய்ந்த விறகு விழுந்து சூடு ஏறியிருக்கிறது. மணி அடிக்கவில்லை. பக்கத்துக் கொட்டகையில் தரம் பிரிக்கிற பெண்களோடு இருந்த அந்த அம்மா, வாசம் மாறுவதை உணர்ந்து ஓடியிருக்கிறார். அதற்குள் மேல்தட்டுகள் எல்லாம் மஞ்சள். பாய் என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். கணினி நின்றுபோயிருந்தது. அதை எழுப்பிப் பதிவைத் திறந்து பார்த்தேன். அன்று மட்டுமல்ல, ஏறக்குறைய எல்லா நாளும் பகலில் பதிவே இல்லை. மாலையில் தொடங்கும், இரவு முழுக்க ஒரு நிமிடம் விடாமல் ஓடும், காலை ஏழே காலுக்கு நிற்கும். அந்த அம்மா முதல் ஜீப்பில் வந்து இறங்குவது ஏழு மணிக்கு.

பாய் என் முகத்தைப் பார்த்தார். நான் பதிவைப் பார்த்தேன். இப்படி ஒரு சாட்சியம் என் பணிக்காலத்தில் ஒரு வழக்கிலும் கிடைத்ததில்லை.

"வந்ததும் அணைச்சுப்புடுதா சார்?" என்றார் பாய்.

"பதிவு அப்படித்தான் சொல்லுது."

"எதுக்கு அணைக்குது? கரண்டு அது வீட்டுதா?"

"எதுக்குன்னு அவங்கதான் சொல்லணும். ஒரு விளக்கம் கேட்ருவோம். முறைப்படி."

இரவு வேலைக்காரர் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். அவரிடமும் விசாரித்தேன். "ராத்திரி ஒரு குழப்பமும் இல்ல சாரே. மிஷினு நல்லா ஓடும். காலைல நான் போறப்ப ஓடிட்டுத்தான் இருக்கும். சாயங்காலம் வர்றப்ப செத்துக் கெடக்கும். நான் பட்டன அமுக்கி எழுப்புவேன்." ஒரு மாசு மறு இல்லாத ஊழியர் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

மெமோவை வீட்டில் தட்டச்சு செய்தேன். பொருள், பார்வை, பத்திகள், எல்லாம் இருந்தது. தங்கள் பணி நேரத்தில் மட்டும் கணினி தொடர்ந்து அணைக்கப்பட்டு வந்துள்ளதாகப் பதிவுகளிலிருந்து தெரிய வருகிறது. தங்களைப் பணியிலிருந்து ஏன் விடுவிக்கக் கூடாது என்பதற்கு ஐந்து நாட்களுக்குள் எழுத்துமூலமாக விளக்கம் அளிக்க வேண்டியது. பாய் படித்துவிட்டு, "இவ்வளவு தமிழ் எதுக்கு சார்?" என்றார். சாட்சிகள் முன் வழங்குவதே முறை என்பதால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தரம் பிரிக்கிற பெண்கள் எட்டுப் பேர் முன்னால் அதை வாசித்துக் கையில் கொடுத்தேன்.

அந்த அம்மா வாங்கி, இரண்டாக மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டார். பெண்களில் ஒருத்தி மட்டும், "ஏத்தா, சர்க்கார் உத்தியோகமா பாக்குற நீயி, காயிதமெல்லாம் வருது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாளே விளக்கம் வந்தது. நோட்டுத் தாளில், பேனாவால், இரண்டு பக்கம். அந்த அம்மா எட்டாவது வரை படித்தவர். என் மேசைக்கு வந்த விளக்கங்கள் பல நூறு இருக்கும். உடல்நலக் குறைவு, குடும்பச் சூழ்நிலை, மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவு என்றே அவை ஓடும். இது வேறு மாதிரி இருந்தது. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முக்கியமான பகுதி இது:

"நீங்க ஒட்டின தாள்ல தொடக்கூடாதுன்னு இருக்கு. நான் தொடல. நான் வர்றப்ப திரை எரியும். கொஞ்ச நேரத்துல கறுப்பாகும். பதற வேண்டாம்னு எழுதியிருக்கு, நான் பதறல. ஆனா கறுப்பான உடனே பொட்டிக்குள்ள காத்தாடி சத்தம் மாறுது, ஒரே மட்டமா உறுமுது. காய் மஞ்சளான அன்னைக்கு ஒரு தடவ தொட்டேன். அது என் தப்பு. எழுத்து தட்டுற பலகையில ஒரு சாவிக்குன்னு ஒரு பச்ச விளக்கு இருக்கு. நல்லா இருக்கப்ப அந்தச் சாவிய அமுக்கினா அணையும், மறுபடி அமுக்கினா எரியும், நீங்க மாட்டுறப்ப பாத்திருக்கேன். அன்னைக்கு அமுக்கினா அப்படியே நிக்குது. மரம் விழுந்து ஜீப்பு ஓடாத அன்னைக்கு, ராத்திரி வேலைக்கார அண்ணன் வீட்டுக்குப் போகாம பகல்லயும் அங்கனயே இருந்தாரு. அன்னைக்குப் பகல் பூரா அது சாகலன்னு அவரே சொன்னாரு. நானும் வரல. நான் இல்லாததாலயா, அவரு இருந்ததாலயான்னு பாருங்க. அண்ணன் அதுகூட என்ன செய்வாருன்னு நான் எழுத மாட்டேன். நீங்க கேட்டுக்கங்க."

காலைக் காபி ஆறிப்போகிற வரை அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திரை கறுப்பாகிறது, அதன் பின் சாகிறது. ஏழு மணிக்கு இரவுக்காரர் எழுந்து போகிறார். பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருக்கிறது. திரை உறங்கப் போகிறது. ஏழே கால். அந்தப் பத்து நிமிடத்தை வைத்தது யார் என்பது அறிவிப்பிலேயே இருந்தது. கையெழுத்தும் இருந்தது.

கணினியின் உட்பதிவுகளை முன்பே நகல் எடுத்து வைத்திருந்தேன். அணைக்கப்பட்ட நேரத்தை நிரூபிக்க எடுத்தது. இப்போது அதை வேறு கண்ணால் பார்த்தேன். ஒருவர் பட்டனை அமுக்கி அணைத்தால் கணினி அதைக் குறித்துவிட்டு, ஒவ்வொன்றாக மூடிவிட்டு, கடைசியில் நிற்கும். இங்கே அப்படி ஒரு வரிகூட இல்லை. ஒவ்வொரு நாளும் திரையை இயக்கும் மென்பொருளிடமிருந்து ஒரு முணுமுணுப்பு, அதற்குப் பிறகு வெறுமை. வாக்கியத்தின் நடுவில் ஆள் விழுந்தது போல. இந்த வரிகள் முதல் நாளே என் கையில் இருந்தன. நான் நேரத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் கேள்வி கேட்கும் மன்றம் ஒன்று இணையத்தில் உண்டு. அங்கே அந்த அம்மாவின் தாளை ஆங்கிலத்தில் அப்படியே எழுதிப் போட்டேன்: காத்தாடிச் சத்தம், பச்சை விளக்கு, மரம் விழுந்த நாள். மறுநாள் மதியத்துக்குள் ஒருவர் பதில் எழுதியிருந்தார். எந்த நாடு, ஆணா பெண்ணா, தெரியாது. முதல் வரியில், இதைக் கவனித்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் என்று இருந்தது. பிறகு பொறுமையாக விளக்கியிருந்தார். சில புதிய திரைகள் உறங்கும்போது, கேபிளையே பிடுங்கிவிட்டது போலக் கணினிக்குத் தோன்றுமாம். இல்லாத திரையைத் தேடப் போகும் இயக்கி மென்பொருள் தடுக்கி விழும். விழும்போது மொத்தக் கணினியையும் இழுத்துக்கொண்டு விழும். பச்சை விளக்கு அசையாமல் நிற்பதே அதற்கு அடையாளம். திரையை உடனே உறங்க வைக்கும் ஒற்றைவரிக் கட்டளை ஒன்று உண்டு, அதைக் கொடுத்துப் பாருங்கள். உடனே செத்தால் சந்தேகம் வேண்டாம்.

பாயை அழைத்துக்கொண்டு மேலே போனேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவரிடம் விளக்கிக்கொண்டே போனேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி வளைவில், "சுருக்கமா சொல்லுங்க சார். அணைச்சது அந்த ஆத்தாவா, இல்லயா?" என்றார்.

"இல்ல பாய்."

"பின்ன யாரு?"

"வந்து காட்டுறேன்."

மாலை ஐந்தரை மணி. பகல் ஆளும் இரவு ஆளும் இருக்கட்டும் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தேன். கணினியை எழுப்பி, பதிவு ஓடுவதைக் காட்டி, பச்சை விளக்குக்கான சாவியை அமுக்கி, அணைந்து எரிவதையும் காட்டினேன். பிறகு அந்தக் கட்டளையைத் தட்டினேன். திரை கறுத்தது. பெட்டிக்குள் காத்தாடி ஒரே மட்டமாக உறுமத் தொடங்கியது. யாரும் தொடவில்லை.

"இந்தச் சத்தந்தான் சார்" என்றார் அந்த அம்மா.

பாயைச் சாவியை அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். விளக்கு அசையவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். பிறகு கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இரவுக்காரர் பக்கம் திரும்பினேன். "ராத்திரி இதுல என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்யில்ல சாரே."

"கோவிச்சுக்க மாட்டேன். சொல்லுங்க."

அவர் பாயைப் பார்த்தார், என் அறிவிப்பைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பென் டிரைவுல படம் போட்டுப் பாப்பேன். உறக்கம் வராம இருக்க. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. தொடக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு, பாக்கக் கூடாதுன்னு எழுதல்லியே."

படம் ஓடுகிற வரை திரை உறங்காது. திரை உறங்காத வரை கணினி சாகாது. அறிவிப்பை மீறியவர் பணியில் இருந்தபோதெல்லாம் கருவி ஒழுங்காக ஓடியிருக்கிறது. அறிவிப்பை எழுத்துக்கு எழுத்து மதித்தவருக்கு மெமோ போயிருக்கிறது. நிர்வாகத்தில் இது புதிதல்ல. ஆனால் இவ்வளவு தெளிவாக, ஒரு பெட்டிக்குள் வைத்து, யாரும் எனக்குக் காட்டியதில்லை.

பாய் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினார். "அப்ப மெமோ யாருக்குக் குடுக்கணும் சார்?"

"எனக்கு."

"குடுத்துருவோமா? முறைப்படி."

சரிசெய்யும் வேலையிலும் ஒரு தரம் சறுக்கினேன். அமைப்புகளில் திரை மங்குவதை நிறுத்திவிட்டு, வேலை முடிந்தது என்று கையைத் தட்டினேன். பத்து நிமிடத்தில் மறுபடி செத்தது. திரை மங்குவதற்கு ஒரு இடம், மின்சாரச் சிக்கனத்துக்கு அடியில் வேறொரு இடம். ஒன்றை மூடினால் மற்றது திறந்திருக்கும். மன்றத்துக்காரர் இதையும் எழுதியிருந்தார், நான்காவது பத்தியில். நான் மூன்றோடு நிறுத்தியிருந்தேன். இரண்டையும் அணைத்த பிறகு, அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்து நிமிடம் கடந்தது. இருபது கடந்தது. போடிக்கு இறங்குகிற கடைசி ஜீப் ஆரன் அடித்தது. "நிக்கச் சொல்லுங்கண்ணே" என்று இரவுக்காரரை அனுப்பிவிட்டு, அரை மணி முழுதாகும் வரை அவர் நகரவில்லை. பிறகு பீரோவைக் காட்டினார். "அந்தக் கண்ணாடிய எடுத்து மாட்டுங்க சார்." மாட்டினேன். என் அறிவிப்பைக் கிழித்து உலையில் போட்டேன்.

ஜீப்பில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார். மன்னிப்புக் கேட்டேன். நான் நன்றாகப் பேசுகிறவன் என்று பெயர். அன்று இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

"சரி சார்" என்றார். சற்றுத் தூரம் போனதும், "நாளைக்கு ஒரு சோலி இருக்கு உங்களுக்கு" என்றார்.

"சொல்லுங்கம்மா."

"அந்தக் காயிதத்த சாப்பாட்டு நேரத்துல எட்டுப் பேரு முன்னாடி படிச்சீங்கள்ல. அதே நேரத்துக்கு வாங்க. நான் அணைக்கலன்னு அதே மாதிரி எழுதிக் கொண்டாந்து படிங்க. என்கிட்ட மட்டும் சொன்னா எனக்குத் தெரிஞ்சதுதான, எனக்கு எதுக்கு?"

எந்த விதித் தொகுப்பிலும் இதைவிடச் சரியான விதியை நான் படித்ததில்லை. வழங்கிய இடத்திலேயே, வழங்கிய சாட்சிகள் முன்னிலையிலேயே திரும்பப் பெறுதல். நாங்கள் ஊழியர்களுக்குத் தண்டனையைச் சுற்றறிக்கையில் அனுப்புவோம். குற்றமில்லை என்ற விடுவிப்பைத் தனிக் கடிதத்தில் அனுப்புவோம். இத்தனை காலம் அது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் மதியம் போனேன். பாயும் வந்தார், அவரும் அங்கே நிற்க வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். பெண்கள் தூக்குச் சட்டிகளைத் திறந்து வைத்திருந்தார்கள். மலைமேல் வெயிலும் மூடுபனியுமாக இருந்தது. தாளை எடுத்து வாசித்தேன். பொருள், பார்வை எதுவும் இல்லை. இவர் கணினியை அணைக்கவில்லை. நான் செய்த அமைப்பினால் அது நின்றது. நான் எழுதியது தவறு. அதைக் கண்டுபிடித்தது இவர்.

இரண்டாவது வரியில் அந்த அம்மா எழுந்து போய்விட்டார். சுவர் வெப்பமானியைப் பார்க்கும் நேரம் அது; சூடு இறங்கியிருந்தது. உலைக்கு விறகு தள்ளப் போனார். நான் தாளோடு நின்றேன். பெண்கள் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி, "உக்காருங்க சார், வந்துரும்" என்று ஒரு சாக்கைத் தட்டிப் போட்டாள். உட்காரவில்லை. பாயும் உட்காரவில்லை.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "விட்ட எடத்துல இருந்து படிங்க சார். வெரசா. காயி எறக்கணும்."

படித்தேன். கடைசி வரி முடிந்ததும் பாய் தொண்டையைச் செருமி, "ஸ்டோரு ஆத்தா பொறுப்புலதான் இருக்கு, அதுல மாத்தமில்ல" என்றார். எட்டுப் பேரும் கேட்டார்கள். அந்த அம்மா தாளை வாங்கி, எழுத்துக் கூட்டாமல் ஒரு தடவை தானே முழுக்கப் படித்துப் பார்த்து, கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, இரண்டாக மடித்துக்கொண்டார். பிறகு தன் சட்டியிலிருந்து ஒரு கரண்டி புளிச்சோற்றை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளினார். சர்க்கரைக்கு நல்லதல்ல என்று பாய் சொன்னார். நான் தின்றேன்.